படுத்தால்தான் பணமா?

1992 முதல் 2001 வரை கணியம்பாடி ஒன்றியத்தில் செத்துப்போன இளம்பிள்ளைகளின் கணக்கை வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் எடுத்தார்கள். 2004இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. 10 முதல் 19 வயது வரையுள்ள பெண்பிள்ளைகளில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலை. பையன்களில் 58 பேர். அந்த வயதில் செத்த பெண்பிள்ளைகளில் பாதிப் பேராவது தன்னுயிரைத் தானே மாய்த்துக் கொண்டவர்கள். உலகமே படித்தது. சேரிக்கு என்ன வந்தது?

சட்டம் வந்தது. 2018 மே மாதம் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டம், உடம்பு நோய்க்கு எப்படிக் காப்பீடோ மனநோய்க்கும் அப்படியே என்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையும் நம்ம வீட்டில் இருக்கிறது. குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம். ஆனால் அந்தப் பணம் அடிப்படையில் படுக்கையில் சேர்ந்தவருக்குத்தான். மனநோய் படுக்கையில் தீர்கிற நோயா? மாசாமாசம் மாத்திரை, உட்கார்ந்து கேட்க ஒரு ஆள், வருஷக்கணக்கில் தொடர்ச்சி - இதுதான் வைத்தியம். படுக்கை இல்லாத கிளினிக்குக்குக் காப்பீட்டுப் பணம் இல்லையென்றால் அது சேரிப்பக்கம் எப்படி வரும்? பணம் எங்கே போகிறதோ, வைத்தியமும் அங்கேதான் போகும்.

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தானே என்பார்கள். இலவசம்தான், யார் இல்லைன்னா? போய்வர ஒருநாள் கூலி போகுதே, அதை யார் கொடுப்பா? கூடப் போகிற அம்மாவின் கூலியும் போச்சு. மூணாவது மாசம் மாத்திரை நின்றுபோகும். அப்புறம் 'பேய் புடிச்சிருக்கு' என்பார்கள்.

தோலைத் தொட்டதற்காக நம்மைத் தீட்டு என்றது ஊர். அதே தோல் ஷூவாகிக் கப்பல் ஏறினால் அந்நியச் செலாவணி என்கிறது நாடு. அதைப் பதப்படுத்துகிறவன், தைக்கிறவள் மனசு உடைந்தால் மட்டும் கணக்கில் இல்லை.

இ.எஸ்.ஐ. இருக்கிறது. மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம் கட்ட வேண்டும். மனச்சிதைவு போன்ற நீண்டகால நோய் வந்தால் சம்பளத்தில் 80 சதவீதம், இரண்டு வருஷம் வரை. நல்ல ஏற்பாடு. ஆனால் இரண்டு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த கணக்கு வேண்டும். இன்றைக்கு இந்த கம்பெனி, நாளைக்கு அந்த கம்பெனி என்று கான்ட்ராக்டரால் துரத்தப்படுகிறவருக்கு அந்தக் கணக்கு எங்கே இருக்கும்? பெயரே எழுதாத இடத்தில் நோய்க்கு யார் சீட்டு கொடுப்பார்?

நாம் பிச்சை கேட்கவில்லை. வாரம் ஒருநாள், வேலை விட்டு வருகிற மாலை நேரத்தில், சேரிக்குப் பக்கத்திலேயே மனநல கிளினிக் நடக்கட்டும். படுக்கைக்குக் கொடுக்கும் காப்பீடு அந்த ஒவ்வொரு வருகைக்கும் கொடுக்கட்டும். நோயாளியின் கூலியையும் சேர்த்துக் கொடுக்கட்டும். கான்ட்ராக்ட் ஆட்கள் பெயரை இ.எஸ்.ஐ.யில் ஏற்றும் பொறுப்பு முதலாளியின் தலையிலேயே விழட்டும்.

தோழர்களே, அடுத்த சங்கக் கூட்டத்தில் கூலி உயர்வோடு இதையும் எழுதுங்கள். பிள்ளைகள் செத்தபிறகு எண்ணிக்கை எடுத்தது போதும். உயிரோடு இருக்கும்போதே கணக்கில் எடு என்று கேட்போம்.