49-வது மணி நேரம்

தலையில ஒரு அடி, ஞாபகம் போச்சு. இன்னொரு அடி, ஞாபகம் வந்தாச்சு! நம்ம சினிமா வைத்தியம் இது. நிஜத்தில் இரண்டாவது அடி மூளையை இன்னும்தான் கெடுக்கும்.

2012-ல வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' கொஞ்சம் நியாயமான படம். ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்குக் கல்யாண நேரத்தில், கிரிக்கெட் ஆடும்போது அடிபட்டு நிஜமாவே நடந்த கதை. அவருக்கு நினைவு திரும்பிடுச்சு. எல்லாருக்கும் அப்படி அமையறதில்லை. பலருக்குப் பத்து வருஷத்துக்கு முந்தைய கதை ஞாபகம் இருக்கும். காலையில மாத்திரை போட்டோமா என்பது இருக்காது. மூளையில் புதுசா எதுவும் சரியாப் பதியாது. வெளிக்காயம் ஆறிட்டதால வீட்டில் கிடைக்கிற பட்டம்: "சோம்பேறி", "நடிக்கிறான்".

2021-ல தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சையை இலவசமாத் தருது. அருமையான திட்டம். ஆனா நினைவு தேற மாசக்கணக்கில் ஆகும். அதற்கான பயிற்சியும் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கணும் என்பது என் கருத்து.

அதுவரை ஒரு நோட்டு, செல்போன் அலாரம், வீட்டாரின் பொறுமை... இவைதான் மருந்து.

அப்புறம், அவலூர்பேட்டையிலிருந்து திருவண்ணாமலை போறவங்களே, ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்குக்கு மாட்டாதீங்க. அதுக்கு ஞாபகம் கிடையாது!