ஹாபிட் கற்பித்த ஆங்கிலம்

ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டு உருப்போடுவதைவிட ஒரு மாயக் கதையைப் படிப்பது மேல் என்பது என் கருத்து. இதைக் கேட்டு ஆங்கிலத் துறைப் பேராசிரியப் பெருமக்கள் சிலர் புன்னகை புரியலாம். நண்பர்கள் சிலரோ, "வணிகவியல் படிக்கிறவனுக்குப் பூதக் கதை எதற்கடா?" என்று கேலி செய்கிறார்கள். இரு சாராருக்கும் என் பக்கத்து நியாயத்தை எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

நம் கல்லூரியில் சேருவோரில் பெரும்பாலோர் 12ஆம் வகுப்பு வரை தமிழ்வழியில் பயின்றவர்கள். நானும் அவர்களில் ஒருவன். பொது ஆங்கிலத் தேர்வுக்கு நாம் செய்வது என்ன? நோட்டின் இடப்பக்கம் சொல், வலப்பக்கம் பொருள் என்று எழுதி மனப்பாடம் செய்து, தேர்வறையில் கொட்டிவிட்டு வருகிறோம். கோடை விடுமுறை கழிந்து திரும்பும்போது நோட்டும் இருப்பதில்லை, சொல்லும் இருப்பதில்லை. மதிப்பெண் பட்டியலில் அறுபதோ எழுபதோ நிற்கும். ஆனால் நேர்முகத் தேர்வில் நான்கு வாக்கியம் தொடர்ந்து பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. கணக்கில் புலியாக இருக்கும் மாணவனுக்குக்கூட வேலை கைநழுவிப் போவது அந்த இடத்தில்தான்.

சென்ற ஆண்டு நான் 'தி ஹாபிட்' என்னும் நாவலைப் படித்தேன். ஜே. ஆர். ஆர். டோல்கீன் எழுதி 1937இல் வெளிவந்தது. மொத்தம் 19 அதிகாரங்கள். வீட்டைவிட்டு நகர விரும்பாத பில்போ என்ற ஹாபிட், 13 குள்ளர்களுடனும் ஒரு மந்திரவாதியுடனும் புறப்பட்டு, டிராகன் ஒன்று காத்துக் கிடக்கும் புதையலைத் தேடிப் போகும் கதை.

ஆங்கில நாவல்கள் ஆயிரம் இருக்க மாயக் கதை ஏன் என்று கேட்பீர்கள். ஜேன் ஆஸ்டினின் நாவல்களில் பரூஷ் என்றும் ஃபீட்டன் என்றும் குதிரை வண்டிகள் வரும்; விளக்கம் வராது. அவர் காலத்து வாசகர் அவற்றைத் தெருவில் பார்த்தவர். நாம் பார்க்காதவர்கள். அங்கே ஆசிரியருக்கும் அவர் நாட்டாருக்கும் இடையே நடக்கும் பேச்சை நாம் வாசற்படியில் நின்று ஒட்டுக் கேட்கிறோம். ஹாபிட்டின் கதை அப்படியன்று. 1937இல் இலண்டனில் இருந்தவனுக்கும் ஹாபிட் என்றால் என்னவென்று தெரியாது. ஆகவே அது மனிதனில் பாதி உயரம் என்றும், தாடி இல்லை என்றும், பாதத்தில் மயிர் அடர்ந்திருப்பதால் செருப்பே அணியாது என்றும் ஆசிரியர் பொறுமையாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. மாயக் கதையின் ஊரில் எல்லாரும் அயலூரார். ஆங்கிலேயனுக்குத் தனிச் சலுகை இல்லை. தெரியாத சொல்லைக் கண்டு வெட்கப்பட வேண்டியதும் இல்லை. தமிழ்வழி மாணவனுக்கு இது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை அவனாக இருந்து பார்த்தால்தான் தெரியும்!

"சரி, வாளும் கோட்டையும் பற்றிய சொற்கள் வங்கி வேலைக்கு உதவுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். அவருக்கு நான் காட்டியது இரண்டு இடங்கள். முதல் அதிகாரத்தில் பில்போ பயணத்தின் ஆபத்து, கைச்செலவு, காலம், ஊதியம் ஆகியவற்றைப் பற்றிப் பெரிய மனிதத் தோரணையில் விசாரிக்கிறான். ரெமியூனரேஷன் என்னும் கனமான சொல் அங்கே வருகிறது. உடனே ஆசிரியர், அவன் கேட்க நினைத்ததெல்லாம் தனக்கு என்ன கிடைக்கும், உயிரோடு திரும்ப முடியுமா என்பதுதான் என்று போட்டு உடைத்துவிடுகிறார். அகராதி இதைவிட நன்றாகவா சொல்லிவிடும்?

இரண்டாம் அதிகாரத்தில் குள்ளர்கள் அவனுக்கு ஒரு கடிதம் வைத்துவிட்டுப் போகிறார்கள். அசல் வணிகக் கடிதம்! வேலை முடிந்ததும் பணம். இலாபம் இருந்தால் அதில் 14இல் ஒரு பங்குக்கு மேற்படாது. வழிச்செலவு எப்படியும் உண்டு. செத்துப்போனால் ஈமச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். பதின்மூன்று குள்ளர், ஒரு ஹாபிட், ஆகப் பதினான்கு பங்கு, கணக்கும் சரி. செலவை ஏற்றுக்கொள்வதைக் குறிக்கும் டிஃப்ரே என்ற சொல் எந்தப் பாடநூலில் இருந்தாலும் எனக்கு ஒட்டியிராது. ஈமச் செலவோடு சேர்ந்து வந்ததால் இனி மறக்காது.

பர்க்ளர் என்ற சொல்லையும் பாருங்கள். பில்போவை அந்த வேலைக்குத்தான் அமர்த்துகிறார்கள். தீஃப், ராபர், பர்க்ளர் மூன்றுக்கும் நம் நோட்டுகளில் திருடன் என்ற ஒரே பொருள்தான் எழுதியிருக்கும். கதையிலோ அவன் மலையின் இரகசிய வாயில் வழியே ஓசைப்படாமல் நுழைந்து, தூங்கும் டிராகனின் குவியலிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறான். புகுந்து திருடுகிறவனே பர்க்ளர் என்று அப்போது விளங்கியது. நம் முன்னோர் கன்னக்கோல், கன்னம் வைத்தல் என்று இதற்கென்றே தனிச் சொற்கள் வைத்திருந்தார்களே என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது.

இதுதான் நான் எதிர்பாராத இலாபம். கிளோ, கிளீம், கிளிட்டர், கிளிம்மர் என்று ஒளியைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒரு குடும்பமே இருக்கிறது. சுரங்கப் பாதையின் கோடியில் செக்கச் சிவந்து தெரியும் டிராகனின் வெளிச்சம் ஒரு வகை. பொற்குவியலின் ஒளி வேறு வகை. இவற்றைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று விடுதியில் நானும் என் அறைத் தோழனும் ஒரு மாலை முழுவதும் வழக்காடினோம். பொன் தகதகக்கும், தேய்த்த பாத்திரம் பளபளக்கும், தூரத்து விளக்கு மினுக்கும், அடுப்புக்கரி கனலும். இத்தனையும் நம் வீட்டிலேயே கிடந்தன. ஆங்கிலம் படிக்கப் போனவன் தமிழ்ப் பரணைத் தூசு தட்டினேன்.

இதில் ஆசிரியரின் தொழிலுக்கும் பங்கு உண்டு. டோல்கீன் 1919, 1920ஆம் ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்குச் சொல் வரலாறு ஆராய்ந்தவர். 1925இல் அங்கேயே பழைய ஆங்கிலப் பேராசிரியரானார். பில்போ சிலந்திகளைச் சீண்டுவதற்கு அட்டர்காப் என்று வைது பாடுகிறான். பழைய ஆங்கிலத்தில் அட்டர் என்றால் நஞ்சு. காப் என்ற பின்பாதி, சிலந்தி வலையைக் குறிக்கும் காப்வெப் என்ற இன்றைய சொல்லில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அகராதிக்காகச் சொல் தேடியவர் படைத்த ஹாபிட், 1976இல் அதே அகராதியின் துணைத் தொகுதியில் ஏறியது.

குறைகளும் உண்டு, மறைப்பானேன்? கதைப் புத்தகம் கண்ணுக்குச் சொல் தரும், காதுக்குத் தராது. சோர்ட் என்று சொல்ல வேண்டிய வாளை நம்மில் பலர் ஸ்வோர்ட் என்றே சொல்லித் திரிவோம். ட்வார்ஃப் என்பதன் பன்மையை டோல்கீன் தம் விருப்பப்படி ட்வார்வ்ஸ் என்று எழுதினார். முறையான பன்மை ட்வார்ஃப்ஸ் என்று முன்குறிப்பில் அவரே ஒப்புக்கொள்கிறார். தேர்வுத் தாளில் அவரைப் பின்பற்றுவோர் சிவப்பு மைக்குத் தயாராக இருக்கவும்.

எப்படிப் படிப்பது? தெரியாத சொல்லின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துவிட்டு நிற்காமல் மேலே போக வேண்டும். அதிகாரம் முடிந்த பிறகு லிப்கோவைத் திறந்தால் போதும். புள்ளிகளில் பாதிக்குப் பொருள் தானே தெரிந்திருக்கும். மீதியில் ஐந்தாறு மட்டும் பார்த்தால் போதுமானது.

நம் நூலகத்தில் ஆங்கில நாவல்களை இலக்கிய மாணவர்களுக்கு மட்டுமே வீட்டுக்குத் தருகிறார்கள். மற்றத் துறையினரும் எடுத்துச் செல்ல முதல்வர் அவர்கள் அனுமதிக்க வேண்டும். பொது ஆங்கில வகுப்பில் வாரம் ஒரு மணி நேரத்தை உரக்கப் படிப்பதற்கு ஒதுக்கினால் ஸ்வோர்டும் திருந்தும். ஹாபிட்டில் ஒரே ஒரு படி வாங்கினாலும் போதும். பத்துப் பேர் மாற்றி மாற்றிப் படித்துக்கொள்வோம். பென்சில் புள்ளிகளை மட்டும் நூலகர் ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும்.