கடற்பாசிப் பை கரிமத்தைக் குறைக்குமா? பதில் குப்பைத் தொட்டியில்

செர்காம் – தீபாவளிக்கும் பிறந்தநாளுக்கும் தட்டில் ஊற்றி உறைய வைக்கும் அகார் அகார் நம் வீடுகளுக்குப் புதிதல்ல. அது கடற்பாசியிலிருந்து எடுக்கப்படுவது. அதைப் போன்ற பசையை மெல்லிய ஏடாக உலர்த்தினால், உணவு கட்டும் உறையாகிவிடும். நெகிழிக்கு மாற்றாக இன்று பேசப்படும் பொருள்களில் இதுவும் ஒன்று.

இது ஆய்வுக்கூடத்தைத் தாண்டி வெளியே வந்துவிட்டது. இந்தோனேசியாவின் இவோவேர் நிறுவனம் கடற்பாசியில் உண்ணக்கூடிய கோப்பைகளையும் உறைகளையும் செய்தது. 2019 லண்டன் மாரத்தானில் ஓடியவர்களுக்குப் பானம், கடித்து விழுங்கக்கூடிய கடற்பாசி உறையில் தரப்பட்டது. அதைத் தயாரித்த நோட்பிளா நிறுவனம் 2022-இல் எர்த்ஷாட் விருது பெற்றது.

தேவை உண்மையானது. ஓஇசிடி கணக்கின்படி, 2019-இல் நெகிழியால் வெளியான பசுமைக்குடில் வாயு 180 கோடி டன். இது உலக மொத்தத்தில் 3.4 விழுக்காடு. இதில் சுமார் 90 விழுக்காடு, எண்ணெய், எரிவாயுவிலிருந்து நெகிழியை உற்பத்தி செய்யும்போதே வெளியாகிறது. மலேசியர் ஒருவர் ஆண்டுக்கு 16.78 கிலோ நெகிழிப் பொட்டலப் பொருள்களைப் பயன்படுத்துவதாக 2020-இல் வெளிவந்த உலக வனவிலங்கு நிதியத்தின் ஆய்வு கூறியது. ஆய்வு செய்யப்பட்ட ஆறு ஆசிய நாடுகளில் அதுவே ஆக அதிகம்.

மூலப்பொருளுக்கு நாம் வெளியே தேட வேண்டியதில்லை. சபாவின் செம்போர்ணா கடலில் கயிற்றில் கட்டி வளர்க்கும் கடற்பாசி, ஏறக்குறைய 45 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். அதற்கு நிலமோ நன்னீரோ உரமோ வேண்டாம். செம்பனைக்காகக் காடழித்த நாட்டுக்கு இது சிறிய நன்மையல்ல.

ஆனால் கரிமக் கணக்கு அறுவடையோடு முடிவதில்லை. பசையைப் பிரித்தெடுக்க நீரைக் கொதிக்க வைக்க வேண்டும். ஏட்டை உலர்த்த வேண்டும். அந்த வெப்பத்துக்கு நிலக்கரி மின்சாரத்தைப் பயன்படுத்தினால் லாபத்தின் ஒரு பகுதி கரைந்துவிடும்.

அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: பயன்படுத்திய உறை எங்கே போகிறது? மலாக்காவில் 2015 முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அது மறுசுழற்சிப் பொருளையும் எஞ்சிய கழிவையும்தான் பிரிக்கிறது. மீன் எலும்பும் மிச்சச் சோறும் எஞ்சிய கழிவிலேயே சேர்ந்து, சுங்கை ஊடாங் குப்பைக் கிடங்குக்குப் போகின்றன. கடற்பாசி உறைக்கும் அதே வழிதான். காற்றில்லாமல் அடியில் புதைந்து மக்கும் பொருள் மீத்தேனை வெளியிடும். நூறாண்டுக் கணக்கில் மீத்தேன், கரியமில வாயுவைவிட சுமார் 28 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். அதைச் சேகரித்துப் பயன்படுத்தாவிட்டால், தொழிற்சாலையில் மிச்சப்படுத்திய கரிமம் கிடங்கில் போய்விடும்.

இருந்தும் செர்காம் போன்ற கரையோர ஊருக்கு ஒரு நன்மை மறுக்க முடியாதது. காற்றில் பறந்து கடலில் விழும் கடற்பாசி உறை கரைந்துவிடும். நெகிழிப் பை பல தலைமுறைக்கும் அங்கேயே கிடக்கும்.

ஆகவே 'மக்கும்' என்று அச்சிட்ட பையைப் பார்த்ததும் வாங்கிவிடாமல், எதில் செய்தது, எங்கே மக்கும் என்று கேட்பது நல்லது. சோளமாவில் செய்யும் பிஎல்ஏ நெகிழி மக்க, உரத் தொழிற்கூடத்தின் அதிக வெப்பம் வேண்டும். வீட்டுத் தோட்டத்தில் அது அப்படியே கிடக்கும். நெகிழிப் பூச்சில்லாத கடற்பாசி உறையோ வாழையடி மண்ணிலேயே மக்கும்.

ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை 2030-க்குள் ஒழிப்பது நாட்டின் இலக்கு. புதிய பைக்கு முன்னால், உணவுக் கழிவைத் தனியே வாங்கி உரமாக்கும் ஏற்பாடு தாமானுக்குத் தாமான், தோட்டத்துக்குத் தோட்டம் வர வேண்டும். அதுவரை தாப்பாவ் வாங்கப் போகிறவர் கையில் தூக்குச்சட்டி இருந்தால், அதைவிடக் குறைந்த கரிமம் எந்தப் பையிலும் இல்லை.