'பாஸிடிவ்' வந்தால் நோயா?



இந்த மலருக்குக் கவிதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். என் அறை நண்பனுக்கு நேர்ந்தது மனசை விட்டுப் போகவில்லை. ஆகவே ஒரு கணக்கு எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

போன வருடம் ஒரு கம்பெனி ஆள் எடுத்தது. எழுத்துத் தேர்வு, இன்டர்வியூ இரண்டிலும் அவன் தேறினான். கடைசியாக மெடிக்கல். விரலில் ஒரு சொட்டு ரத்தம், ஒரு சின்ன பிளாஸ்டிக் கிட், கால்மணி நேரம். "ஹெபடைடிஸ் பி பாஸிடிவ். நீங்க கெளம்பலாம் தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள். ஹாஸ்டலில் அவன் டம்ளரைத் தனியாக ஒதுக்கி வைத்த மகான்களும் உண்டு. (அந்தக் கிருமி டம்ளர் வழியாகப் பரவாது என்பதைக் கேட்க யாருக்கும் பொறுமை இல்லை.) மூன்று வாரம் கழித்து அவன் மாமா வேறொரு ஆஸ்பத்திரியில் எலிசா முறையில் பார்க்க வைத்தார். நெகடிவ். இன்னொரு தடவையும் நெகடிவ். ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அதற்குள் அந்த பேட்ச் வேலையில் சேர்ந்துவிட்டது.

"கிட் 95 சதவீதம் கரெக்ட்டுன்னு அட்டையிலேயே போட்டிருக்கே, அப்புறம் எப்படிடா?" என்று ஒரு சீனியர் கேட்டார். நியாயமான கேள்வி.

நம் ஒர்க்‌ஷாப்பில் கோ, நோ-கோ கேஜ் வைத்துச் சோதிக்கிறோம். அதில் தப்பு இரண்டு வகை. நல்ல பீஸைக் கழித்துக் கட்டுவது ஒன்று, மோசமான பீஸைப் பாஸ் பண்ணிவிடுவது இன்னொன்று. குவாலிட்டி கன்ட்ரோல் பாடத்தில் புரொட்யூசர்ஸ் ரிஸ்க், கன்ஸ்யூமர்ஸ் ரிஸ்க் என்று மனப்பாடம் செய்தோமே, அதேதான். மருத்துவ டெஸ்டிலும் இரண்டு எண் வேண்டும். நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பது சென்சிடிவிட்டி. நோய் இல்லாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விட்டுவிடுகிறது என்பது ஸ்பெசிஃபிசிட்டி. 1947-ல் யெருஷால்மி என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் மார்பு எக்ஸ்ரே படிப்பதில் வரும் தவறுகளை அளக்க இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார்.

இப்போது பேனாவை எடுங்கள். கணக்குக்காக இரண்டுமே 95 சதவீதம் என்று வைப்போம். 1000 பேர் மெடிக்கலுக்கு வருகிறார்கள், அவர்களில் 20 பேருக்குத்தான் கிருமி இருக்கிறது. 20-ல் 19 பேரைக் கிட் பிடிக்கும், ஒருவர் தப்புவார். மீதி 980 பேரில் 5 சதவீதம், அதாவது 49 பேருக்கு வீணாக பாஸிடிவ் காட்டும். மொத்த பாஸிடிவ் 68, அதில் உண்மை 19. நூற்றுக்கு 28! பாஸிடிவ் என்று வெளியே அனுப்பப்பட்ட பத்துப் பேரில் ஏழு பேர் ஒன்றுமில்லாதவர்கள்.

அதே கிட்டை, பாதிப் பேருக்கு அந்தக் கிருமி இருக்கும் ஒரு வார்டுக்குக் கொண்டுபோங்கள். 475 உண்மை, 25 பொய். இப்போது பாஸிடிவை 95 சதவீதம் நம்பலாம். கிட் மாறவில்லை, எதிரே நிற்கும் கூட்டம்தான் மாறியது. 1763-ல் அச்சான பாதிரியார் பேய்ஸின் கட்டுரையில் இதன் வேர் இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. முதல் கூட்டத்தில் யாரையும் சோதிக்காமலே எல்லோருக்கும் "நெகடிவ்" என்று சீட்டு எழுதிக் கொடுத்தால் 980 பேருக்குச் சரி. 98 சதவீதம் கரெக்ட்! நம்ம கிட்டை விட மேல். ஒரே ஒரு "துல்லியம்" எண்ணை அட்டையில் போட்டு விற்பவரிடம் ஏன் உஷாராக இருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. காசநோய்க்கு ரத்தத்தில் ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்டுகள் நம் நாட்டில் விலைக்கு ஓடிக்கொண்டிருந்தன. பொய் பாஸிடிவும் பொய் நெகடிவும் ஏராளம் என்று 2011-ல் உலக சுகாதார நிறுவனம் அவற்றைப் பயன்படுத்த வேண்டாம் என்றது. 2012-ல் மத்திய அரசு தடையே போட்டது. அதுவரை எத்தனை பேர் இல்லாத நோய்க்கு மாத்திரை விழுங்கினார்களோ!

நான் கிட்டைக் குறை சொல்லவில்லை. அது சல்லடை. சலித்ததை அடுத்து வேறு முறையில் பார்க்க வேண்டும். "ஆயிரம் பேருக்கு இரண்டு டெஸ்ட்டுன்னா யாருப்பா செலவு பண்றது?" என்பார்கள். ஆயிரம் பேருக்கு ஏன்? அந்த 68 பேருக்கு மட்டும்தானே! இரண்டாவது டெஸ்ட்டும் அதே 95 தரம் என்றால்கூட, முதலாவது செய்த தவற்றையே அதுவும் செய்யாத வரை, மிஞ்சும் பாஸிடிவ்களில் நூற்றுக்கு 88 உண்மையாக இருக்கும். (உண்மையிலேயே கிருமி இருந்தாலும் லேத் ஓட்ட என்ன தடை என்பது தனிக் கட்டுரைக்குரிய சண்டை.)

யூனியன் செயலாளருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வருடம் ஆள் எடுக்க வரும் கம்பெனிகளிடம் பிரின்ஸிபல் மூலம் இரண்டே விஷயம் கேளுங்கள். பாஸிடிவ் வந்தவனுக்கு இரண்டாவது டெஸ்ட் முடிவு வரும்வரை இடத்தை நிறுத்தி வைக்க வேண்டும். ரிப்போர்ட் நகல் அவன் கையில் தரவேண்டும். என் நண்பனுக்கு அன்று வாய்வார்த்தைதான் கிடைத்தது, ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.