பூனைக்கு ஊசி: அளவறிந்து போடுவோம்

எங்கள் வீட்டுப் பூனைக்குச் சர்க்கரை வியாதி என்றதும் சித்தூரில் சிரிக்காதவர்கள் குறைவு. "மனுஷனுக்கே மருந்து வாங்கி மாளவில்லை, பூனைக்கு இன்சுலினா சார்?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். சிரிக்கட்டும். ஆனால் அந்தப் பூனை ஓர் இரவு என் கையால் சாகக் கிடந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மகள் வேலைக்காக வெளிநாடு போனபோது எங்களிடம் விட்டுச் சென்ற பூனை அது. வயது பத்து. ஓயாமல் தண்ணீர் குடித்தது; நன்றாகத் தின்றும் இளைத்தது. அது சிறுநீர் விட்ட இடத்தில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு முதலில் சந்தேகப்பட்டவள் என் மனைவிதான். திருப்பதிக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். மருத்துவர் முதலில் 1 யூனிட், பிறகு 2 யூனிட் என்று காலையும் மாலையும் 12 மணி நேர இடைவெளியில் போடச் சொன்னார். நானே இருபது வருட சர்க்கரை நோயாளி. ஊசி எனக்குப் புதிதா என்ன? அந்தத் தைரியம்தான் வினையாயிற்று.

ஒருநாள் சிரிஞ்சு தீர்ந்துவிட்டது. பக்கத்துக் கடையில் கொடுத்ததை வாங்கி வந்து, வழக்கம்போல் இரண்டாம் கோடு வரை மருந்தை இழுத்துப் போட்டேன். இரவில் பூனை தள்ளாடியது. பிறகு விழுந்து கை கால் வெட்டி இழுத்தது. ஈறில் தேனைத் தடவிக்கொண்டே மருத்துவருக்குப் போன் செய்தோம். உடனே கொண்டுவரச் சொன்னார். பிழைத்தது, புண்ணியம்.

தவறு எங்கே? நம் நாட்டில் புட்டி இன்சுலின் பெரும்பாலும் இரண்டு வீரியத்தில் விற்கிறது. ஒன்றில் ஒரு மில்லிக்கு 40 யூனிட், மற்றதில் 100. அதனதற்குத் தனிச் சிரிஞ்சு. 40க்குச் சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. எங்கள் மருந்து 100. நான் வாங்கியது சிவப்பு மூடி. அதில் இரண்டு கோடு என்றால் உள்ளே போவது 5 யூனிட்! மாற்றிப் போட்டிருந்தால், அதாவது 40 மருந்தை 100 சிரிஞ்சில் எடுத்திருந்தால், 2க்குப் பதில் 0.8தான் போயிருக்கும். நான்கைந்து கிலோ எடையுள்ள ஜீவனுக்கு இது சின்ன வித்தியாசமா? கடைக்காரர் கேட்டிருக்கலாம்தான். ஆனால் மூடியின் நிறத்தையும் புட்டியில் உள்ள எண்ணையும் பார்க்க வேண்டியவன் நான்.

நம் வீடுகளில் சர்க்கரை நோயாளி இல்லாத வீடு அரிது. அதனாலேயே ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறோம். "நேற்று 300 இருந்தது, ஒரு யூனிட் ஏற்று" என்பார் ஒருவர். பூனை பயந்தாலே அதன் சர்க்கரை ஏறிவிடும் என்பது அவருக்குத் தெரியாது. மனிதருக்கான கருவி பூனையின் இரத்தத்தில் பெரும்பாலும் குறைத்தே காட்டும் என்பதும் தெரியாது. ஒரே ஓர் எண்ணைப் பார்த்து அளவை மாற்றக் கூடாது. நாள் முழுவதும் எடுத்த எண்களை நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுவதே முறை.

பால்சோறு போட்டு வளர்த்தவர்கள் நாம். பூனையோ மாமிசப் பிராணி. மாவுச்சத்தைக் குறைத்தால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போவதும் உண்டு. ஆனால் உணவை மாற்றினால் ஊசியின் அளவும் மாற வேண்டிவரும். மருத்துவரைக் கேட்காமல் செய்தால் அதுவும் ஆபத்தே. பூனை தின்ன மறுத்தால் ஊசிக்கு முன் போன் செய்யுங்கள். மருந்து உள்ளே போனதா, முடியில் வழிந்ததா என்று சந்தேகமா? மறுபடி போடாதீர்கள். ஒருவேளை தவறுவதைவிட இருமடங்கு போவது கொடிது. மலைக்குப் போய்ப் பெருமாளைச் சேவிப்பதானாலும் அந்த 12 மணிக் கணக்கை யாரிடமாவது ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்.

இன்னொன்று. இங்கே மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில். கடையில் பேச்சு தெலுங்கில். ஊசி போடுவதோ பல வீடுகளில் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த பாட்டி. இன்சுலினின் வீரியம், மூடியின் நிறம், யூனிட், நேரம், மருத்துவரின் எண் ஆகிய ஐந்தையும் தமிழில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பூனைக்கு மட்டுமல்ல, தாத்தாவுக்கும் இது பொருந்தும். நம் சங்கமே இப்படி ஓர் அட்டை அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

"பூனைக்கு இவ்வளவா?" என்போருக்கு ஒரு வார்த்தை. 1921இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்ட்டும் இன்சுலினை முதலில் சோதித்தது நாய்களிடம். மறு ஆண்டு அது ஒரு சிறுவனின் உயிரைக் காத்தது. வாயில்லா ஜீவன்களால் நமக்குக் கிடைத்த மருந்து இது. திருப்பதியில் 1955 முதலே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு வழியும் இருக்கிறது. வைத்தியமே வேண்டாம் என்று முடிவு செய்வோரை நான் குறை சொல்லவில்லை. ஆரம்பித்தால் அளவறிந்து செய்வோம். அரைகுறை வைத்தியம் வியாதியைவிடக் கொடியது.