ஜிலேபி மீனை கொல்லும் வைரஸ்: சாப்பிடுபவர்களுக்கு பயமில்லை, வளர்ப்பவர்களுக்குத்தான் ஆபத்து

வஞ்சிரம் விற்கிற விலைக்கு கூலித்தொழிலாளி வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குழம்பு கொதிப்பது ஜிலேபி மீனால்தான். ஏரி, குளம், அணை என்று எங்கும் கிடைக்கும் இந்த மீனை கூட்டம் கூட்டமாக சாகடிக்கும் வைரஸ் ஒன்று உண்டு. அதன் பெயர் 'திலேப்பியா லேக் வைரஸ்'. ஜிலேபி மீனின் இன்னொரு பெயர்தான் திலேப்பியா.

316 டன் 8 டன் ஆனது

இஸ்ரேல் நாட்டில் உள்ள கலிலேயா ஏரியில் 2005-ம் ஆண்டு 316 டன் ஜிலேபி மீன் பிடிபட்டது. 2009-ல் அது வெறும் 8 டன். வலை போட்டவர்கள் தலையில் கை வைத்து உட்கார்ந்து விட்டார்கள். அங்கு செத்த மீன்களை ஆராய்ந்த விஞ்ஞானிகள், புதிய வைரஸ் ஒன்று இருப்பதை 2014-ல் அறிவித்தனர்.

பிறகு எகிப்து, தாய்லாந்து என்று பல நாடுகளில் தலைகாட்டியது. நம் நாட்டிலும் மேற்கு வங்காளம், கேரளாவில் பண்ணை மீன்கள் செத்ததற்கு இந்த வைரஸ் காரணம் என்று 2018-ல் தெரிய வந்தது.

குஞ்சோடு வரும் வினை

நோய் தாக்கிய மீன் இரை எடுக்காது. சோர்ந்து மிதக்கும். கண் மங்கும், தோலில் புண் வரும். மோசமான பண்ணைகளில் நூற்றுக்கு 90 மீன் வரை சாகும். இதற்கு மருந்து கிடையாது.

தண்ணீர் வழியாக மீனுக்கு மீன் தொற்றும். தாய் மீனிடம் இருந்து குஞ்சுக்கும் போகும். ஆக, ஒரு ஊர் பண்ணையில் இருந்து அடுத்த ஊருக்கு நோயை கொண்டு போவது பெரும்பாலும் மீன்குஞ்சு லாரிதான். விலை மலிவு என்று பரிசோதிக்காத குஞ்சை வாங்கி விட்டால் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய், போவது மொத்த குளம்.

கிடைத்த இடத்தில் குஞ்சு வாங்காமல், அரசு அனுமதி பெற்ற பண்ணையில் வாங்குவதே புத்திசாலித்தனம். வாங்கிய குஞ்சை சில வாரம் தனித்தொட்டியில் விட்டுப் பார்க்க வேண்டும். மீன் செத்தால் மறைக்காமல் மீன்வளத்துறைக்கு சொல்ல வேண்டும். செத்த மீனை ராத்திரியோடு ராத்திரியாக ஏரியில் வீசினால், அதை நம்பி வலை போடும் மொத்த ஊரும் பாதிக்கப்படும்.

குழம்பு வைக்கலாமா?

தாராளமாக வைக்கலாம். இந்த வைரஸ் மனிதர்களை தாக்கியதாக இதுவரை தகவல் இல்லை. செவுள் சிவப்பாக, கண் தெளிவாக இருக்கும் மீனாக பார்த்து வாங்கினால் போதும். "மீனுக்கு நோயாம்" என்று யாரோ கிளப்பும் வதந்தியால் வியாபாரம் படுத்தால், முதலில் அடி விழுவது கூடை சுமந்து விற்கும் பெண்கள் வயிற்றில்தான்.