வானத்தில் ஓரங்கட்ட முடியாது!

மே மாத மதியம். விக்கிரவாண்டி டோல்கேட்டைத் தாண்டித் திண்டிவனம் பக்கம் போகிற பழைய பைக் ஒன்று, கூட்டேரிப்பட்டு வருவதற்குள் இரண்டு முறை திணறி நின்றுவிடுகிறது. டேங்கில் பெட்ரோல் இருக்கிறது. அரைமணி நேரம் நிழலில் போட்டுவிட்டு உதைத்தால், ஒன்றுமே நடக்காததுபோலக் கிளம்புகிறது. “சூடானா நிக்குது, ஆறினா ஓடுது” என்று சொன்னால் போதும், அனுபவமுள்ள மெக்கானிக் முதலில் சந்தேகப்படுவது டேங்குக்கு அடியில் ஒளிந்திருக்கும் இக்னிஷன் காயிலைத்தான்.

உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான் அது. உள்ளே தடித்த கம்பி கொஞ்சம் சுற்று, தலைமுடி போன்ற மெல்லிய கம்பி பல ஆயிரம் சுற்று. குறைந்த வோல்ட்டில் உள்ளே போகும் மின்சாரம் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக வெளியே வந்து, பிளக் முனையில் பொறியாகத் தெறிக்கிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 5,000 சுற்று ஓடினால், நிமிடத்துக்குக் குறைந்தது 2,500 முறை இது நடக்க வேண்டும். சூட்டில் கம்பி விரியும். இன்சுலேஷனில் மயிரிழை விரிசல் இருந்தால் அது வாயைத் திறக்கும். பொறி பிளக்குக்குப் போகாமல் குறுக்கு வழியில் ஓடிவிடும். ஆறினால் விரிசல் மூடிக்கொள்ளும்.

காயிலை எஞ்சின் மேலேயே மாட்டாமல் சேஸில் மாட்டியிருப்பது ஏன் என்று இப்போது புரியும். எஞ்சினின் சூடும் உதறலும்தான் காயிலுக்கு எமன்.

இதே கணக்கை இன்னும் கண்டிப்பாகப் போடுகிறவர்கள், வீட்டிலேயே விமானம் கட்டுகிறவர்கள். சிரிக்காதீர்கள், நம் ஊரிலேயே அதற்கு நூற்றாண்டுக் கதை உண்டு. சென்னையில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்கிற கோர்சிகாக்காரர், தானே வடிவமைத்து சிம்சன் கம்பெனியில் செய்யச்சொன்ன விமானத்தை 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். திண்டிவனம், விழுப்புரம் வழியாக வருகிற அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கும் பல்லாவரம்தான். நம் காலத்தில், இங்கிலாந்தில் வசிக்கும் ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்‌ஷன், கொரோனா ஊரடங்கில் ‘ஸ்லிங் டிஎஸ்ஐ’ என்ற நாலு சீட்டு விமானத்தைக் கிட்டாக வாங்கி, தானே கோத்து, 2022-ல் குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார். அந்த ரக விமானத்தில் வரும் ரோட்டாக்ஸ் 915 எஞ்சினுக்கு சிலிண்டர் நாலு, பிளக் எட்டு.

ஏன் எட்டு? ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பொறி. இரண்டும் தனித்தனி ஏற்பாடு. ஒன்று செத்தாலும் இன்னொன்றில் எஞ்சின் ஓடும். எஞ்சின் நின்றால் விமானம் கல் மாதிரி விழுந்துவிடாது, சறுக்கிக்கொண்டே இறங்கும். உயரம் இருந்தால் ஒரு வயலைத் தேடிக்கொள்ளலாம். தரையைவிட்டுக் கிளம்பிய அடுத்த நிமிடம் நின்றால் அதற்கும் நேரமில்லை.

பழைய ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினை விமானத்தில் வைப்பவர்கள் வெளிநாடுகளில் நிறையப் பேர். அவர்களுக்கு முன்னால் நிற்கும் கேள்வி, காயிலை எங்கே மாட்டுவது? எஞ்சின் மேல் என்றால் சூடு, உதறல். எஞ்சினுக்கும் விமானி உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டுச் சுவரில் மாட்டலாம். ஆனால், பிளக் வயர் நீளும். நீண்டால் ரேடியோவில் கரகரப்பு. எஞ்சின் ரப்பர் புஷ்ஷில் ஆடும், சுவர் ஆடாது. நடுவில் போகும் வயரை விறைப்பாகக் கட்டினால் கொஞ்ச நாளில் உள்ளுக்குள்ளேயே அறுந்துவிடும். கொஞ்சம் தொய்வு விட்டே தீர வேண்டும். உயரே போகப்போகக் காற்று மெலிவதால், மின்சாரம் வெளிப்பக்கமாகத் தாவுவதும் சுலபமாகிறது.

என்னைக் கேட்டால் இதில் முக்கியமானது வேறு. இரண்டு காயிலையும் வாங்கி, ஒரே போல்ட்டில் மாட்டி, ஒரே எர்த் வயரில் சேர்த்துவிட்டால், அது இரண்டு அல்ல, ஒன்றுதான். அந்த ஒரு போல்ட் தளர்ந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

அதனால்தான் சிறு விமானத்தின் விமானி, ஓடுபாதைக்குள் நுழையுமுன் எஞ்சினை முறுக்கிவைத்துக்கொண்டு, ஒரு இக்னிஷனை அணைத்துப் பார்ப்பார்; பிறகு மற்றொன்றை. சுழற்சி கொஞ்சம் குறையும், அது சரி. அளவுக்கு மேல் குறைந்தால் கிளம்பமாட்டார்.

நம் பைக்குகளில் பெரும்பாலும் ஒரே காயில்தான். பல வண்டிகளில் காயிலின் பிராக்கெட்டும் போல்ட்டும் வெறும் தாங்கி அல்ல, எர்த்தே அதன் வழியாகத்தான் போகிறது. பிராக்கெட் உடைந்ததென்று கேபிள் டையால் கட்டிவிட்டாலோ, துருவின் மேலேயே முடுக்கிவிட்டாலோ வண்டி ‘மிஸ்’ அடிக்கத்தான் செய்யும். புதுக் காயிலுக்குப் பணம் எடுத்து வைக்குமுன், போல்ட் உட்காரும் இடத்தைச் சுரண்டித் துடைத்து, முடுக்கி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.